மாமனாரின் போனை ஒளித்து வைக்கலாமா?

கேள்வி: என் மாமனார் பல வருடம் கவுன்சிலர், ஒரு முறை எம்.பி. பதவியில் இருந்த காலம் வரைக்கும் யார் மனமும் நோகப் பேசியதில்லை. இப்போது 78 வயதில் தினமும் காலையில் ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளுகிறார். காவடிக்கு வரும் மந்திரிக்கு மைக் கொடுக்காதே, கோயிலுக்கு அரசு மானியம் எதற்கு, மதம் பார்த்து சீட் கொடுப்பதை ஒழி, தமிழ் பேசத் தெரியாதவன் தமிழனே இல்லை, இப்படி. என் மகளுக்கு நல்ல வரன் வந்திருக்கிறது. பையனின் அப்பா கோயில் கமிட்டியில் இருக்கிறார். மாமாவின் போனை ஒளித்து வைத்துவிடலாமா என்கிறார் என் கணவர். என்ன செய்ய?
- ஒரு வாசகி, காத்ர் போர்ன், மொரீஷியஸ்

பதில்: சகோதரி, நீங்கள் எதிர்பார்க்கிற பதில் இது இல்லை. உங்கள் மாமா சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குச் சரி என்றுதான் படுகிறது.

அந்த மைக் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தைப்பூசத்துக்கு நானும் பால் செம்போடு வரிசையில் நின்றேன். பத்து நாள் விரதம், வெறுங்கால், தார் ரோடு கொதிக்கிறது, எனக்கு முன்னால் நின்ற பையன் கன்னத்தில் வேல் குத்தியிருக்கிறான், வாயை மூட முடியாமல் எச்சில் ஒழுகுகிறது, அவன் அம்மா துண்டால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். கோயில் வாசலில் பந்தல். பந்தலுக்குள் பொன்னாடை, மாலை, ஒருவர் மாற்றி ஒருவர் பேச்சு. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். பால் திரியாமல் முருகன் தலையில் சேர வேண்டுமே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. (திரியவில்லை. அது முருகன் செயல், பேசியவர்கள் செயல் இல்லை.) அதனால் மைக்கைப் பிடுங்கு என்று உங்கள் மாமா ரேடியோவில் கத்தினால் நான் கை தட்டத்தான் செய்வேன்.

சீட் விஷயமும் அப்படித்தான். நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்து வரும் 62 பேருக்கு மேல், எந்த சமூகத்துக்கு ஆள் குறைகிறது என்று பார்த்து, தோற்றவர்களில் இருந்தே 8 பேர் வரை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்காக வேட்பாளர் ஒவ்வொருவரும் தாளில் நான்கு பெட்டிகளில் ஒன்றுக்குள் போய் உட்கார வேண்டும்: இந்து, முஸ்லிம், சீனர், மிச்சம் எல்லாரும் 'பொது'. தமிழன் இந்துப் பெட்டியில். கணக்குப் பார்ப்பதோ 1972 குடிமதிப்பை வைத்து. அன்று பிறந்த குழந்தைக்கே இன்று பேரன் பேத்தி இருக்கும். இப்படிப் பெட்டி போட்டு எழுதச் சொல்வது சரியில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழுவே 2012-ல் சொல்லிவிட்டது. 2014 தேர்தலுக்கு மட்டும் எழுதாமல் விட்டாலும் பரவாயில்லை என்று தற்காலிகமாகச் சட்டம் போட்டார்கள், அவ்வளவுதான்.

மானியத்தில் நான் அவர் கட்சி இல்லை. சர்ச்சுக்கும் மசூதிக்கும் கொடுக்கிற அரசு நம் கோயிலுக்கும் கொடுக்கட்டும். நிறுத்தினால் எல்லாருக்கும் சேர்த்து நிறுத்தட்டும்.

ஆனால் 'தமிழ் பேசத் தெரியாதவன் தமிழன் இல்லை' என்றாரே, அது எனக்கு சுருக்கென்று தைத்தது. இந்த ஊரில் எத்தனை வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்? உங்கள் வீட்டில்? சாப்பாட்டு மேஜையில் ஊர் பேசும் கிரியோல் மொழி, கோயிலில் தேவாரம், அதையும் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துப் பாடுகிறோம். ஆனாலும் புரட்டாசியில் வாழை இலை போடுகிறோம், அரோகரா என்றால் தொண்டை கட்டும் வரை கத்துகிறோம். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நீ தமிழன் இல்லை என்று சொல்ல இவர் யார்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பர்ஸில் நூறு ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்து மாமா முன்னால் வையுங்கள். அதில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன். நம் ஆள், லேபர் கட்சிக்காரர், சுதந்திரத்தைப் பார்க்காமலே 1958-ல் போய்விட்டார். அதே நோட்டில் தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது, இந்தி எழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே கல் கட்ட, மரம் இழைக்க வந்தவர்கள் நாங்கள், எங்கள் எழுத்து கீழேயா என்று தமிழர்கள் கொதித்தார்கள். நோட்டைத் திரும்ப வாங்கினார்கள், மத்திய வங்கியின் கவர்னர் பதவி போனது, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். அப்போது நீங்கள் என்ன பேசினீர்கள் மாமா என்று கேளுங்கள். வேட்பு மனுவில் எந்தப் பெட்டியில் எழுதினீர்கள் என்று கேளுங்கள். அந்தத் தொகுதியில் தமிழ் ஓட்டு இருந்ததால்தானே கட்சி உங்களுக்கு டிக்கெட் கொடுத்தது? காவடிக்கு எத்தனை வருடம் நீங்களே மைக் பிடித்தீர்கள்? சண்டைக்குக் கேட்காதீர்கள். டீ கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஏனென்றால் அவர் பேச்சில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். எல்லாமே 'அவர்கள்'. அவர்கள் மாலை போட்டுக்கொள்கிறார்கள், அவர்கள் மதத்தை வைத்துப் பிழைக்கிறார்கள். ஓட்டு தேவைப்பட்ட வரைக்கும் வாயே திறக்காத மனிதர் அது தேவைப்படாத வயதில் ஊரைத் திட்டினால், கிழவருக்குப் பொழுது போகவில்லை என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். அதே ஆள் 'நானும் அந்த வெயிலில் உங்களை நிற்க வைத்துப் பேசினேன், தப்புதான்' என்று ஒரு நாள் ரேடியோவில் சொல்லட்டும். அன்றைக்குக் கேட்பவர்கள் ரேடியோவை நிறுத்த மாட்டார்கள்.

அப்புறம் அந்தச் சம்பந்தம். பையனின் அப்பா இதையெல்லாம் ஏற்கெனவே கேட்டிருப்பார், இது சின்னத் தீவு. கேட்ட பிறகும் வரன் நிற்கிறது என்றால் அவருக்கு அது பெரிய விஷயமில்லை. நிச்சயத்துக்கு முன் மாமாவையே கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். இரண்டு பேரும் மானியத்தைப் பற்றிச் சண்டை போடட்டும், நீங்கள் உள்ளே போய்ப் பெண்களோடு பேசுங்கள். கமிட்டிக்காரர்களில் பாதிப் பேருக்கு மந்திரிக்குக் காத்திருந்து அலுத்துப்போயிருக்கிறது, வெளியே சொல்வதில்லை. உங்கள் மகளிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இதில் அவள் என்ன நினைக்கிறாள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

போனை ஒளிக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் போனில் இருந்து கூப்பிடுவார், அன்றைக்கு உங்கள் வீட்டுக் கதையும் சேர்ந்து ரேடியோவில் வரும்.