டீச்சரைக் கேளுங்கள்: சாக்பீஸ் கையில் எடுக்கும் முன்

போன இதழில் பி.எட். சேர்வது பற்றி போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். நம் குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களிலிருந்து மட்டும் ஒரு பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை எடுத்திருக்கிறேன்.

*

எம்.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு வேலை. தெரிந்தவர் ஒருவர், "காலேஜுக்குப் போகவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், மொத்தமாகப் பணம் கட்டினால் பி.எட். கிடைத்துவிடும், கூடவே வேலைக்கும் போகலாம்" என்கிறார். சேரலாமா டீச்சர்?
*வாசகி, குலசேகரம்*

வேண்டாம் மக்களே.

காரணம் சொல்கிறேன். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தற்காலிகமாக ஒரு கணக்கு டீச்சர் தேவைப்பட்டார். உன்னைப் போலவே எம்.எஸ்சி. முடித்த ஒரு பெண் வந்தாள். முதல் வகுப்பு, பி.எட். சான்றிதழும் இருந்தது. ஆறாம் வகுப்பில் பத்து நிமிடம் பின்னக் கூட்டல் எடுக்கச் சொல்லிவிட்டுப் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். போர்டில் 1/2 + 1/3 என்று எழுதி, சமக்குறி போட்டு, நேரே 5/6 என்று எழுதினாள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "மேலே ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழே ரெண்டும் மூணும் அஞ்சு. 2/5 தானே டீச்சர் வரணும்?" என்றான். இவள் போர்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், "அப்படி வராது, இப்படித்தான் வரும்" என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அதற்கு முன் ஒரு பிள்ளையும் அவளிடம் கேட்டதில்லை. பிறகு சாயா குடிக்கும்போது சொன்னாள், பி.எட். கல்லூரி வாசலை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறாளாம். எனக்குக் கோபம் அவள் மேல் வரவில்லை, பணம் வாங்கிக்கொண்டு அவளை இப்படி அனுப்பியவர்கள் மேல்தான் வந்தது.

2015 முதல் பி.எட். இரண்டு வருடப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதியே இருக்கிறது. "வராமலே பி.எட்." என்றால் யாரோ உனக்காகப் பொய்க் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அர்த்தம். தொலைதூரக் கல்வியிலும் பி.எட். உண்டுதான். அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு. நேராக எம்.எஸ்சி. முடித்து வந்த உனக்கு அந்த வழி கிடையாது.

சரி, எங்கே சேர்வது? அரசு கல்வியியல் கல்லூரிகள் மாநிலத்தில் 7. நம் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை, கிட்டத்தில் என்றால் புதுக்கோட்டைதான் (இதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!). ஆனால் உனக்குத் திருவட்டாறு பக்கம் ஆற்றூரிலேயே அரசு உதவி பெறும் என்.வி.கே.எஸ்.டி. கல்வியியல் கல்லூரி இருக்கிறது. விடுதியில் தங்க முடியும் என்றால் பாளையங்கோட்டையில் பெண்களுக்கான புனித இக்னேஷியஸ் இருக்கிறது. உதவி பெறும் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஒற்றைச்சாளர முறையில் விண்ணப்பித்துக் கலந்தாய்வுக்குப் போக வேண்டும். சுயநிதிக் கல்லூரிகள் தனியாகச் சேர்க்கும். முதலில் கலந்தாய்வுக்குப் போட்டுவிடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம். பால் வெட்டுகிற வீட்டில் கட்டண வித்தியாசம் சின்ன விஷயமில்லை. மழை பிடித்துவிட்டால் எத்தனை நாள் வெட்டு நிற்கும் என்று உனக்கே தெரியும்.

இளநிலைப் பட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40 சதவீதம் வேண்டும். எம்.எஸ்சி.யில் நல்ல மார்க் இருக்கிறது என்று பி.எஸ்சி. மார்க்‌ஷீட்டை மறந்துவிடாதே.

சுயநிதிக் கல்லூரி என்றாலும் இரண்டு விஷயத்தைப் பார்: தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு. இரண்டும் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பார். வாசல் வளைவில் பெயின்ட் அடித்து வைத்திருப்பது எந்த வருடத்து அங்கீகாரமோ!

இன்னொன்று, இனிஷியல். நம் ஊரில் இது ஒரு தீராத தலைவலி. என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் இருந்தது. டிகிரியில் வீட்டுப் பெயரும் சேர்ந்து இரண்டு எழுத்தாகிவிட்டது. வேலைக்குப் போனபோது, இரண்டும் நான்தான் என்று நிரூபிக்க நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் ஒரு மாதம் அலைந்தேன். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்துப் பார். ஒன்றில் "மேரி", இன்னொன்றில் "மேரி" இல்லாமல் இருந்தால் இப்போதே சரி செய்.

*

பி.காம். படித்திருக்கிறேன். பி.எட். விண்ணப்பம் கொடுக்கப் போனால் எம்.காம். முடித்துவிட்டு வா என்கிறார்கள். மற்றவர்களுக்கு டிகிரி போதும், எனக்கு மட்டும் ஏன்?
*வாசகர், மார்த்தாண்டம்*

நியாயமான கோபம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வணிகவியல் என்று ஒரு பாடமே கிடையாது. பதினொன்று, பன்னிரண்டில்தான் வருகிறது. அங்கே பாடம் எடுப்பவர் முதுகலை ஆசிரியர். ஆகவே வணிகவியல், பொருளியல், மனையியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் படித்தவர்களுக்கு முதுகலை முடித்தால்தான் பி.எட். எம்.காம்.மில் 50 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

வயது 41. பி.ஏ. வரலாறு, பிறகு அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ். பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள். பி.எட். படித்து பிளஸ் டூவுக்குத் தமிழ் டீச்சராக ஆசை. வயது தாண்டிவிட்டதா?
*வாசகி, குளச்சல்*

வயது தாண்டவில்லை. ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்கு வயது வரம்பு இப்போது பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. இரண்டு வருடம் படித்தாலும் உங்களுக்குக் காலம் கிடக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில், தங்கச்சி. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். உங்களுடையது வரலாறும் தமிழும். இதைக் "கிராஸ் மேஜர்" என்பார்கள். எத்தனை நன்றாகத் தமிழ் எடுத்தாலும் அந்தப் பணிக்கு இந்தப் பட்டம் ஒத்துவராது. கடிதத்தில் உங்கள் எழுத்தைப் பார்த்தேன், தமிழ் நன்றாக வரும் என்று தெரிகிறது. அதனால்தான் இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் இரண்டு வருடமும் பணமும் போன பிறகு சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் வைத்து யாரோ சொல்வதைவிட இப்போது நான் சொல்வது நல்லது.

உங்களுக்கு இருப்பது இரண்டு பாதை. பி.எட். வரலாற்றில் முடித்து, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள் சமூக அறிவியலில் தேறி, அதன்பின் பட்டதாரி ஆசிரியருக்கான போட்டித் தேர்வும் எழுதலாம். டெட் தேறினாலே வேலை என்ற காலம் 2018 அரசாணையோடு போய்விட்டது. இல்லையென்றால் பி.எட்.டோடு எம்.ஏ. வரலாற்றையும் முடித்துவிட்டு, முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். அதற்கு டெட் தேவையில்லை. 150 மதிப்பெண்ணில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் தனி, அதை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவீர்கள். அந்த 30 மதிப்பெண் பி.எட்.டில் படிப்பதுதான், புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவது பாதையைத் தேர்ந்தெடுப்பேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியிலேயே படித்தவர் என்றால் பி.எட்.டையும் தமிழ் வழியில் படியுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை, இடையில் ஒரு படிப்பு ஆங்கில வழி ஆனாலும் கைவிட்டுப் போகும்.

*

வீடு களியக்காவிளை. திருவனந்தபுரம்தான் பக்கம். பி.எட். அங்கே படித்தால் இங்கே செல்லுமா?
*வாசகர், களியக்காவிளை*

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்றால் செல்லும். ஆனால் எல்லை தாண்டினால் இடஒதுக்கீடு உங்களோடு வராது, இங்கே பிற்படுத்தப்பட்டோரில் இருப்பவர் அங்கே பொதுப்பிரிவில் நிற்க வேண்டியிருக்கும். தேர்வுகளும் வேறு. அங்கே ஆசிரியர் தகுதித் தேர்வு உயர்நிலைப் பள்ளிக்கு கே-டெட், மேல்நிலைக்கு செட். எந்தப் பக்கம் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அந்தப் பக்கமே படிப்பது வசதி. பஸ் பக்கம் என்பதற்காக மட்டும் முடிவு எடுக்க வேண்டாம்.

*

முதுகலை முடித்தவர்களுக்கு ஒரு வருட பி.எட். வரப்போகிறதாமே? காத்திருக்கலாமா?
*மூன்று பேர் கேட்டிருந்தார்கள்*

2025 பிப்ரவரியில் வந்தது வரைவு விதிமுறை. வரைவு விதியாகி, பாடத்திட்டம் வந்து, உங்கள் ஊர்க் கல்லூரிக்கு அனுமதி கிடைப்பதற்குள், சேர்ந்தவர்கள் இரண்டு வருடப் படிப்பையே முடித்துவிடக்கூடும். காத்திருக்க வேண்டாம்.

*

இரண்டாம் வருடம், பள்ளிப் பயிற்சியில் இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னை டீச்சராகவே மதிப்பதில்லை. பாடம் தொடங்கியதும், "இது எங்க சார் எடுத்தாச்சு" என்று கத்துகிறார்கள். ராத்திரி முழுக்க சார்ட் வரைகிறேன், வெறுத்துவிட்டது.
*பயிற்சி ஆசிரியை, தக்கலை*

அது எல்லோருக்கும் நடந்ததுதான். எனக்கு இன்னும் நல்ல ஓர்மை இருக்கிறது. எங்கள் காலத்தில் பி.எட். ஒரே வருடம். பயிற்சிக்கு நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போட்டார்கள். எட்டாம் வகுப்பு, பிதாகரஸ் தேற்றம். மூன்று வண்ணத்தில் பெரிய சார்ட் வரைந்து, ஆணியில் மாட்டித் திரும்பினால் ஃபேன் காற்றில் சார்ட் சுருண்டு சுருண்டு மேலே போகிறது. வகுப்பே சிரித்தது. நான் ஒரு கையால் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போர்டில் எழுதினேன். நாற்பது நிமிடமும் அப்படியே நின்றேன். ஃபேனை நிறுத்தச் சொல்லலாம் என்று தோன்றவே இல்லை!

வழிகாட்டி டீச்சர் பின்னால் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். நிறையப் பாராட்டு எழுதுகிறார் போல என்று நினைத்தேன். வாங்கிப் பார்த்தால், கடைசிப் பக்கத்தில் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, ஓட்டு எண்ணுவதுபோல் எண்ணியிருக்கிறார். அடியில் ஒரு வரி: "சரியா? 47 தடவை." ஒவ்வொரு வரிக்கும் "சரியா, சரியா" என்று கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பதிலுக்கு நிற்கவில்லை. மறுநாள் முழுக்க அந்த வார்த்தையை விழுங்கி விழுங்கிப் பேசினேன். முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தும் அது முழுதாகப் போகவில்லை, என் மகனிடம் கேட்டால் தெரியும்.

உன் பிரச்சினைக்கு வருகிறேன். "எடுத்தாச்சு" என்று கத்துவதற்குக் காரணம் பிள்ளைகள் இல்லை, அவர்கள் சார் உண்மையிலேயே அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார். பாடக்குறிப்பு எழுதும் முன் அந்த வகுப்பு ஆசிரியரிடம் போய், அடுத்த வாரம் எந்தப் பாடத்தை எனக்கு விட்டுவைப்பீர்கள் என்று கேள். சொன்னதைக் குறித்துக்கொள், வெள்ளிக்கிழமை திரும்ப ஒரு தடவை கேள். எடுத்த பாடம்தான் கிடைத்தது என்றால் அதை மறைக்காதே. "சார் எடுத்தாச்சா? நல்லது, அப்ப நீங்களே சொல்லுங்க" என்று கத்துகிற பிள்ளையின் கையில் சாக்பீஸைக் கொடு. பாதிக் கணக்கில் நின்றுவிடுவான். அங்கிருந்து உன் வகுப்பு தொடங்கும்.

சார்ட்டைக் குறைத்துவிட்டுப் பெயர்களைப் படி. முதல் வாரத்துக்குள் நாற்பது பெயரும் தெரிந்துவிட்டால் பாதிச் சத்தம் அடங்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவளிடம் "இவங்க டீச்சர் இல்ல" என்று சொல்ல எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் கூச்சம் வரும்.

ரெக்கார்டில் கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடு. கடைசி நாள் மொத்தமாக வாங்கலாம் என்று நாற்பது பாடக்குறிப்பையும் கட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்ற பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்து வழிகாட்டி ஆசிரியர் லீவில் இருப்பார்.