பவுடர் டப்பா வேண்டாம், முதலில் உயரத்தை அளந்து பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு 9 வயது. எடை 42 கிலோ, உயரம் 134 செ.மீ. பின்கழுத்து கருத்துக்கொண்டே வருகிறது, தேய்த்தாலும் போகவில்லை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். காலை டிபனுக்குப் பதிலாக ஒரு ஷேக் பவுடர் கொடுத்தால் 3 மாதத்தில் 10 கிலோ குறையும் என்கிறார் எங்கள் தெரு அக்கா ஒருவர். மாதம் 4,000 ரூபாயாம். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். அந்த அக்கா மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் யாரிடமோ பணம் கட்டி டப்பா வாங்கி வைத்திருப்பார். ஆனால் வளரும் பிள்ளைக்கு 3 மாதத்தில் 10 கிலோ குறைப்பது வைத்தியமே இல்லை. இந்தப் பவுடர் விற்பவர்கள் இலவச முகாம் என்று கூப்பிட்டு, ஒரு மெஷின் மேல் ஏற்றி, "உடம்புக்கு வயது 35" என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைப் பார்த்து அழுதுகொண்டே என்னிடம் வந்த அம்மாக்கள் உண்டு. சீட்டைக் கிழித்துப் போடுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

மாமியார் சொல்வது பாதி சரி. இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். அவன் எடை 42-லேயே நின்று, 2 வருடத்தில் உயரம் 145 செ.மீ. ஆனால், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) 23-லிருந்து 20-க்கு இறங்கிவிடும். மாதம் அரை கிலோ தானாகக் குறைந்தால் குறையட்டும், அதற்கு மேல் வேண்டாம். மாமியார் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி ஒன்று இருக்கிறது: வீட்டில் இப்போது நடப்பது அப்படியே நடந்தால் எடை 42-ல் நிற்காது.

சோற்றையும் இட்லியையும் விட்டுவிட்டு, சாயங்காலம் 4 மணிக்கு மேல் என்ன போகிறது என்று பாருங்கள். பஃப்ஸ், மிக்சர், ஜூஸ் பாக்கெட், அப்புறம் பாலில் இரண்டு கரண்டி, டப்பாவில் வரும் 'சத்து மாவு பானம்'. கடைசியாகச் சொன்னதுதான் மோசம், ஏனென்றால் அதை நாமே கட்டாயப்படுத்திக் கொடுக்கிறோம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. ஆன்லைன் கடைகள் அந்தப் பெயரில் இவற்றை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2024-ல்தான் சொன்னது. டப்பாவின் பின்னால் சர்க்கரை அளவு போட்டிருக்கும், எறும்பு எழுத்தில். வெறும் பால் போதும். சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, இரண்டு தோசை, எது வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டாம், பாட்டி ஊட்டிவிடவும் வேண்டாம். அவனுக்கு மட்டும் தனிச் சமையல் வைக்காதீர்கள். அப்பாவுக்கு முறுக்கு, அவனுக்கு வெள்ளரிக்காய் என்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

தினமும் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாட வேண்டும். பள்ளியில் விளையாடுவான் என்று நம்பாதீர்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது ஊரறிந்த விஷயம். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி போட்டாயிற்று. மணி அடித்ததும் வாசலில் போய் நின்று பாருங்கள், தெரியும்.

கழுத்துக் கருப்பு அழுக்கில்லை. கடலை மாவு போட்டுத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. குழந்தை மருத்துவரிடம் காட்டி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் இவற்றை மட்டும் பார்த்துவிடுங்கள். இரவில் குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். லேப்காரர்கள் விற்கும் 60 டெஸ்ட் பேக்கேஜ் வேண்டாம். அதில் தைராய்டு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், உடனே மாத்திரை என்பார்கள். பருமனான பிள்ளைகளுக்கு எடையாலேயே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) லேசாக ஏறியிருப்பது சகஜம், எடை குறைந்தால் அதுவும் இறங்கும்.

அப்படியானால் ஹார்மோன் கோளாறே இருக்காதா? இருக்கும், அபூர்வமாக. கண்டுபிடிக்க உயரம் போதும். சாப்பாட்டால் பருமனான பிள்ளை பெரும்பாலும் வகுப்பில் உயரமாகவே இருப்பான். ஹார்மோனால் பருமனானவன் குட்டையாக இருப்பான், அல்லது உயரம் ஏறாமல் நின்றுபோயிருக்கும். உங்கள் மகன் 134 செ.மீ. என்பது வயதுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு நாள் அளவு மட்டும் போதாது, போன வருடம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். மூச்சு இளைப்புக்கு (வீசிங்) என்று யாராவது பெயர் தெரியாத பொடி கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. ஸ்டீராய்டும் இதையேதான் செய்யும்: எடையை ஏற்றி, உயரத்தை நிறுத்தும்.

பள்ளியில் வருடா வருடம் உயரமும் எடையும் எடுத்து ரிப்போர்ட் கார்டின் பின்பக்கம் எழுதுவார்கள். எழுதியதோடு சரி, யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பழைய கார்டுகள் பீரோவில் இருக்கும், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.