இன்னும் ஒரு கருவி வாங்கலாமா? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுச் சின்னத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். பேத்திக்குத் தொட்டில் செய்வதில் தொடங்கியது. இப்போது வேலை செய்வதைவிடக் கருவி வாங்குவதுதான் அதிகமாகிவிட்டது. டிரில்லிங் மெஷின் இரண்டு, டிஸ்க் மாட்டி வெட்டவும் தேய்க்கவும் உதவும் கிரைண்டர் மூன்று இருக்கின்றன. போன தீபாவளிக்கு வாங்கிய ஜிக்சா (வளைவாக அறுக்கும் மெஷின்) பெட்டியைக் கூடப் பிரிக்கவில்லை. அடுத்து, மரத்தில் பள்ளம் எடுக்கும் ரவுட்டர் மெஷின் வாங்கக் கை பரபரக்கிறது. பென்ஷன் பணம்தான், கடன் இல்லை. ஆனாலும் மனம் உறுத்துகிறது. இதை எப்படி நிறுத்துவது?

பதில்: ஐயா, கடன் வாங்காமல், வீட்டுச் செலவில் கை வைக்காமல், உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்குகிறீர்கள். எனவே இதைக் கெட்ட பழக்கமாக எண்ணிக் கூச வேண்டாம். நல்ல கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி, வேலையில் பிரியம் உள்ளவர்களுக்கே வரும். ஆனால் மனம் உறுத்துவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுத்தலுக்குக் காது கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கருவி வாங்கிய நாளிலேயே வேலை பாதி முடிந்துவிட்டதைப் போன்ற திருப்தி வந்துவிடுகிறது. ரவுட்டர் ஓட்டும் வீடியோவில் இரண்டு நிமிடத்தில் பலகையில் நேராகப் பள்ளம் எடுத்துக் காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் பலகையை இழைத்து, மூலமட்டம் வைத்துக் கோடு போட்டு, வழிகாட்டிச் சட்டத்தைக் கிளாம்ப்பால் இறுக்கிய நேரம் அதில் வருவதில்லை. நாம் ஆசைப்படுவது அந்த மனிதரின் கைப்பழக்கத்துக்கு. பெட்டியில் வந்து சேர்வது மெஷின் மட்டும்தான்.

'இது பயன்படுமா?' என்று கேட்டால் எந்தக் கருவிக்கும் ஆம் என்றே பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: இன்று என் பட்டறையில் எந்த வேலை இது இல்லாமல் நின்று கிடக்கிறது? வேலையின் பெயரைச் சொல்ல முடிந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். 'என்றைக்காவது உதவும்' என்பது பதிலாக வந்தால் அது காத்திருக்கட்டும்.

ரவுட்டரைத் தேடுவதற்கு முன் உங்கள் உளிகளை எடுத்துப் பாருங்கள். கடையிலிருந்து வரும் உளி பெரும்பாலும் வேலைக்குத் தயாராக வருவதில்லை. முதுகுப் பக்கத்தில், அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கத்தில், தொழிற்சாலைச் சாணை ஓடிய கோடுகள் அப்படியே இருக்கும். தட்டையான கல்லில் தண்ணீர் விட்டு, நுனியை ஒட்டிய பகுதியையாவது பளபளப்பாகும் வரை தேய்க்க வேண்டும். பிறகு சரிவுப் பக்கத்தை 25 முதல் 30 டிகிரிக்குள் ஒரே கோணத்தில் பிடித்துத் தேயுங்கள். கோணம் ஆடினால் நுனி உருண்டுவிடும். சற்று நேரத்தில், முதுகுப் பக்கமாக விரலை நுனிக்கு வெளியே மெல்லத் தடவினால், ஓரத்தில் ஒரு பிசிறு தட்டுப்படும். உளியின் அகலம் முழுவதும் அந்தப் பிசிறு வரும் வரை விடாதீர்கள். அதன் பின் முதுகைக் கல்லில் படுக்க வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். மாம்பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, நார் குறுக்காக வெட்டுப்பட்ட முனையைக் கையழுத்தத்தாலேயே சீவிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் கூர் போதாது. மெல்லிய சுருளாக வந்தால் அந்த உளி வேலைக்கு வந்துவிட்டது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. மழுங்கிய உளியோடு மல்லுக்கட்டுகிறவருக்குத்தான் மெஷின் இல்லாதது பெருங்குறையாகத் தெரிகிறது. ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைஸாகவும் உள்ள சாணைக்கல்லுக்கு ஆகும் பணம் ரவுட்டர் விலையில் சிறு பகுதிதான். தொட்டில், முக்காலி, புத்தக அலமாரி போன்ற வேலைகளுக்குத் தேவைப்படும் பள்ளங்களைக் கூரான உளியும் கொட்டாப்புளியும் நன்றாகவே எடுக்கும். அலமாரிக்கு அலமாரி நீளமான பள்ளம் எடுக்கும் நிலை வந்து, கை ஓய்ந்துபோனால், அப்போது ரவுட்டர் வாங்குங்கள். மகிழ்ச்சியாகவே வாங்குங்கள்.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்று தோன்றும் நாளில், இருக்கும் கருவிகளை உழைக்க வைக்கும் பொருள்களில் போடுங்கள். உங்கள் கடிதத்தில் மெஷின்களின் பட்டியல் இருக்கிறது, கிளாம்ப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பசை காயும் வரை சட்டத்தை அசையாமல் பிடிக்க நாலைந்து நல்ல கிளாம்ப் இருந்தால் உங்கள் பொருத்துகளின் தரமே மாறிவிடும். நல்ல டிரில் பிட், பாதுகாப்புக் கண்ணாடி, மரத்தூளைத் தடுக்கும் முகக்கவசம் ஆகியவையும் அப்படித்தான். மலிவான பிட்டோடு விலை உயர்ந்த டிரில்லிங் மெஷினை ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மூன்று கிரைண்டர் பற்றி: இரும்புக் கேட் செய்பவர்கள் வெட்டும் டிஸ்க் ஒன்றிலும் தேய்க்கும் டிஸ்க் ஒன்றிலுமாக இரண்டு வைத்திருப்பது நியாயம். மாட்டிக் கழற்றும் நேரம் மிச்சம். தச்சுப் பட்டறைக்கு ஒன்றே போதும். கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடக்கூடியது. பல் மரத்தில் சிக்கினால் அந்த வேகத்தில் மெஷின் கையை விட்டுத் துள்ளும். மிச்சமுள்ள கிரைண்டர்களில் ஒன்றை, தொழில் தொடங்கும் ஐடிஐ மாணவர் எவருக்காவது கொடுத்தால் அது ஓடிக்கொண்டிருக்கும்.

பட்டறைச் சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். வேலை எங்கே நின்றது, எது இல்லாமல் நின்றது என்று தேதியோடு எழுதுங்கள். ஒரே கருவியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை வாங்கலாம். ஒரே ஒரு முறை வந்தால் பக்கத்துப் பட்டறையில் இரவல் கேளுங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். கான்கிரீட் உடைக்கும் மெஷின் போன்றவை நாள் வாடகைக்குக் கிடைக்கும்போது அவற்றைச் சொந்தமாக வாங்கி வைப்பதில் பொருளே இல்லை.

செல்போனில் 'இன்னும் பத்து நிமிடம்தான், இரண்டே பீஸ்தான்' என்று ஓடும் கடிகாரத்துக்குப் பதற வேண்டாம். இல்லாத அவசரத்தை உண்டாக்கி வாங்க வைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே குறிப்பிட்டுத் தடை செய்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் இப்படி 13 உத்திகள் இருக்கின்றன. கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதும் அதில் ஒன்று. பணம் கட்டும் முன் கூடையை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: ஓசூரிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். விடுமுறை நாளில் பழைய பைக்குகளைப் பிரித்துச் சரிசெய்வது அவருக்குப் பிடிக்கும். ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், காற்று கம்ப்ரஸர் என்று எல்லாமே கிரெடிட் கார்டில் 'வட்டியில்லாத் தவணை'. வட்டி இல்லாதபோது உனக்கு என்ன கவலை என்கிறார். உண்மையிலேயே வட்டி இல்லையா?

பதில்: இல்லை என்று சொல்ல முடியாது, சகோதரி. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்றும், செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் வட்டி மறைக்கப்படுகிறது என்றும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. இப்போது பெரும்பாலும் நடப்பது இது: வங்கி வட்டி போடுகிறது, அந்த அளவுக்குப் பொருளின் விலையில் தள்ளுபடி தருகிறார்கள். கணக்கு நேராகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி வரும். செயலாக்கக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் தனி. மொத்தப் பணம் கொடுத்தால் அதே பொருளுக்கு வேறு தள்ளுபடி கிடைத்திருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். கார்டு அறிக்கையை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

தவணையில் இன்னொரு கெடுதல், ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். எனவே ஒரு நேரத்தில் ஒரு தவணைதான் என்று வீட்டுக்குள் பேசி முடிவெடுங்கள். மாதந்தோறும் அவர் கணக்குச் சொல்லத் தேவையில்லாத ஒரு தொகையை ஒதுக்கிக் கொடுங்கள். சேர்த்து வைத்து அவர் விருப்பப்படி வாங்கட்டும். வாரமெல்லாம் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்தப் பைக் வேலை எவ்வளவு தெம்பு தருகிறது என்பது உங்களுக்கே தெரியும். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம் செய்கிறேன். கொட்டகை வேலைக்காக ஆன்லைனில் '48 வோல்ட்' பேட்டரி டிரில் வாங்கினேன். ஏற்கெனவே வீட்டில் 18 வோல்ட் டிரில் இருக்கிறது. அதைவிட இது பலமாக இருக்கும் என்று நம்பினேன். பழையதே மேல் என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: வோல்ட் எண்ணை நம்பி இரண்டாவது டிரில் வாங்கியவர்கள் பலர். இதன் உள்விவரம் தெரிந்தால் மூன்றாவது வாங்க மாட்டீர்கள்.

இந்தப் பேட்டரிக்குள் இருப்பவை பெருவிரல் பருமனுள்ள லித்தியம் செல்கள். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட் வரை போகும். ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் சராசரிக் கணக்கில் 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21 வோல்ட். ஒருவர் 18 என்றும், இன்னொருவர் 20 என்றும், மற்றொருவர் 21 என்றும் ஒட்டி விற்பது ஒரே ஐந்து செல் பேட்டரியைத்தான். உண்மையான 48 வோல்ட்டுக்குச் சுமார் 13 செல் தொடராக வேண்டும். கைப்பிடியில் நுழையும் சிறிய பேட்டரியில் அத்தனைக்கு இடமே இல்லை. '48' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வோல்ட்டைக் குறிக்கும் எழுத்தோடு வேறோர் எழுத்தும் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பின்னால் 'அது மாடல் பெயர்' என்று சொல்லித் தப்பிக்க அது உதவும். சார்ஜரைத் திருப்பினால் அதன் வெளியீடு 21 வோல்ட் என்றே பெரும்பாலும் அச்சாகியிருக்கும். இதுவே உங்கள் சாட்சி. படம் எடுத்து வையுங்கள்.

பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணியில் பார்ப்பதே சரி. 18 வோல்ட்டை 2 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 36 வாட்-மணி. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் உண்மையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். மற்றொன்று, ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் பொதுவாக நுழையாது. நல்ல நிறுவனத்தின் ஒரே பேட்டரி வரிசையில் நின்றுவிட்டால், அடுத்த கருவியைப் பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் மெஷினாக மட்டும் வாங்கிச் செலவைக் குறைக்கலாம்.

இனி செய்ய வேண்டியது: விற்பனைப் பக்கத்தில் '48 வோல்ட்' என்று இருந்ததைப் படமாகச் சேமித்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. அசைந்து கொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: பென்னாகரத்தில் தச்சு வேலை செய்கிறேன். பெங்களூரில் ஒரு கடையில் வாங்கிய மர அறுவை மெஷின், வாங்கிய வாரமே ஆர்மேச்சர் (மோட்டாரில் சுழலும் பகுதி) புகைந்து நின்றுவிட்டது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்றும் கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: அவர் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளுக்கு அவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பில்லில் அச்சடித்த வரியும் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கால வரம்பு இருந்தால் அதற்குள்ளும், இல்லையென்றால் 30 நாளுக்குள்ளும் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை.

பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் தருமபுரி மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன், கடைக்கும் உற்பத்தியாளருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மெஷினை வெளியில் கொடுத்து மோட்டாரின் கம்பிச் சுருளை (காயில்) புதிதாகக் கட்டிவிடாதீர்கள். பிரித்துவிட்டால் வாரண்டியும் போய்விடும், பழுதுக்கான சாட்சியும் போய்விடும். நீளமான மெல்லிய ஒயரில் மின்சாரம் இழுத்து ஓட்டினாலும் மோட்டார் புகையக்கூடும் என்பதால், அப்படி ஓட்டினீர்களா என்று கேட்பார்கள். அப்படி ஓட்டவில்லை என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி: அரூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சலுகை விலையில் 4 அங்குல வெட்டும் டிஸ்க் மொத்தமாக வாங்கிப் போட்டேன். இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது. தேதி தாண்டிவிட்டது என்கிறான் உதவியாள். டிஸ்க்குக்குக் கூடவா தேதி?

பதில்: உண்டு. நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பது பிசின். வழக்கமாகத் தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டு வரைதான் அதற்கு உத்தரவாதம். ஈரம் பட்ட இடத்தில் வைத்திருந்தால் அதற்கு முன்பே பலம் குறையும். ஓடும்போது சிதறினால் துண்டுகள் முகத்துக்குத்தான் வரும். விலையை நினைத்து மனம் இளக வேண்டாம், உங்கள் உதவியாள் சொன்னது சரி. தேதி தாண்டியவற்றைப் பாதியாக உடைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுதாகப் போட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.