மோட்லராய்ட்: ஓர் ஓடை, இரண்டு மாநிலம், ஐம்பது பேர்கூட இல்லாத ஊர்

கேள்வி: ஜெர்மனியின் சின்னக் கிராமம் ஒன்றைப் பற்றி, அதன் வரலாற்றோடும் இயல்போடும் சொல்ல முடியுமா?

நான் ஜெர்மனியின் தெற்கு மாநிலமான பவேரியாவில்தான் வேலை பார்க்கிறேன். இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் கோட்டை, அரண்மனை என்று கேட்பார்கள். நான் மோட்லராய்ட்டுக்குக் கூட்டிப் போகத்தான் ஆசைப்படுவேன். ஹோஃப் நகரத்துக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில், ஒரு பள்ளத்தில் இருக்கிறது. சில பண்ணை வீடுகள், ஒரு குளம், டான்பாக் என்ற ஓடை, அவ்வளவுதான் ஊர். ஓடை என்றாலும் நம் ஊர் வயல் வாய்க்கால் அகலம்தான். ஒரு எட்டில் தாண்டிவிடலாம்.

பெர்லின் சுவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதேபோல ஒரு கான்கிரீட் சுவர் இந்தக் குட்டி ஊரையும் இரண்டாகப் பிரித்தபடி நின்றது. ஆனால் கதையைச் சுவரிலிருந்து தொடங்கினால் ஊர் புரியாது என்பது என் எண்ணம். எல்லை அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. 1810-ல் ஓடையை ஒட்டி எல்லைக் கற்கள் நட்டார்கள். ஒரு பக்கம் பவேரிய அரசு, மறுபக்கம் ராய்ஸ் என்ற சிற்றரசு. கற்களில் இரண்டு ஆட்சிகளின் எழுத்துகளையும் செதுக்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு மன்னர்கள் போனார்கள்; 1920-ல் ராய்ஸ் பகுதி துரிங்கியா மாநிலத்தோடு சேர்ந்தது. ஓடையே எல்லையாகத் தொடர்ந்தது.

இத்தனை காலமும் அந்த எல்லையால் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. பள்ளிக்கூடமும் சாராயக்கடையோடு கூடிய விடுதியும் துரிங்கியா பக்கம். தேவாலயத்துக்குப் பவேரியா பக்கமுள்ள டோப்பனுக்குப் போவார்கள். வரி கட்டுவது வேறு வேறு அரசுக்கு. பெண் கொடுப்பதும் எடுப்பதும், வயல் வேலையும், திருவிழாவும் ஒரே ஊராகத்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வெற்றி பெற்ற நாடுகள் பழைய மாநில எல்லைகளை வைத்தே ஜெர்மனியைப் பங்கு போட்டன. பவேரியா அமெரிக்காவிடம், துரிங்கியா சோவியத்திடம். 1949-ல் இரண்டு நாடுகள் உருவானபோது ஓடையின் மேற்குக் கரை மேற்கு ஜெர்மனி, கிழக்குக் கரை கிழக்கு ஜெர்மனி. அப்போதும் அனுமதிச் சீட்டோடு போய்வர முடிந்தது.

அதையும் 1952 முடித்துவைத்தது. அந்த ஆண்டு மே மாதம் கிழக்கு ஜெர்மனி தன் எல்லையை மூடியது. எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை தடை மண்டலம், அதற்குள் கடைசி 500 மீட்டருக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு. கிழக்கு மோட்லராய்ட் முழுவதும் இந்த 500 மீட்டருக்குள் வந்துவிட்டது. அரசு நம்பத்தகாதவர்கள் என்று கருதிய குடும்பங்களை எல்லைப் பகுதி நெடுகிலும் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். 1952-லும் 1961-லுமாக மொத்தம் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மூட்டை கட்டச் சில மணி நேரம்தான் தந்தார்கள். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிப்பது இதுதான். சுவரையாவது படமெடுக்கலாம்; காலி செய்யப்பட்ட வீட்டைப் பார்க்க இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

முதலில் மரவேலி, பிறகு முள்வேலி. 1966-ல் சுமார் 700 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுந்தது, மூன்று மீட்டருக்கு மேல் உயரம். காவல் கோபுரம், இரவெல்லாம் விளக்கு. அமெரிக்க வீரர்கள் ‘குட்டி பெர்லின்’ என்று பெயர் வைத்தார்கள். மேற்கிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து சுவரைப் பார்த்துக் கையசைப்பார்கள். கிழக்கில் இருப்பவர்கள் பதிலுக்குக் கையசைக்கக் கூடாது, வணக்கம் சொல்லவும் கூடாது. அந்தப் பக்கம் நிற்பது சொந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும்தான். 1970-களில் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்ட பிறகு, மேற்குப் பக்க எல்லையோர மக்கள் கிழக்கே போய்வர வழி பிறந்தது. ஆனால் தடை மண்டலத்துக்குள் நுழைய முடியாது. ஆக, ஓடைக்கு எதிர்க்கரையில் குடியிருக்கும் உறவினரைப் பார்க்க, நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடி வழியாகச் சுற்றிப் போய், வேறொரு ஊரில் சந்திக்க வேண்டும்.

சுவரைத் தாண்டித் தப்பியவர் ஒரே ஒருவர். 1973 மே மாதம், அந்தப் பகுதிக்குள் வர அனுமதி இருந்த ஒருவர் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, ஏணி வைத்து ஏறி மேற்கே குதித்துவிட்டார். 1983 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் இங்கே வந்து சுவரைப் பார்த்தார். அதன் பிறகு ஊரின் பெயர் வெளியுலகில் இன்னும் பரவியது.

பெர்லினில் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. மோட்லராய்ட்டில் வழி திறக்க இன்னும் ஒரு மாதம் ஆனது. டிசம்பர் 9 அன்றுதான், ஆட்கள் நடந்து போக மட்டும் ஒரு திறப்பு. அதே நாளில் பக்கத்து ஹோஃப் நகரத்தில் இரு ஜெர்மனியின் இயற்கை ஆர்வலர்களும் முதல்முறை ஒன்றாகக் கூடினார்கள். நாற்பது ஆண்டு ஆள் நடமாட்டமில்லாத எல்லைப் பட்டையில் அரிய பறவைகளும் செடிகளும் பிழைத்திருந்தன. அதை உழாமல், கட்டடம் எழுப்பாமல் காக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இன்று ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளும் ‘பசுமைப் பட்டை’ அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான். சுவர் இருந்த ஊரைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

1990 ஜூன் 17-ல் இயந்திரம் கொண்டு சுவரை இடித்தார்கள். 1953-ல் கிழக்கு ஜெர்மனித் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்த தேதி அது. முழுவதையும் இடிக்காமல் சுமார் நூறு மீட்டரைக் காவல் கோபுரத்தோடு விட்டுவைத்ததுதான் சரியான முடிவு. இப்போது அது ஊரிலுள்ள அருங்காட்சியகத்தின் பகுதி.

சரி, இன்று ஊர் எப்படி? இப்போதும் இரண்டு மாநிலம்தான். கிழக்குக் கரை துரிங்கியாவின் கெஃபெல் நகராட்சியில், மேற்குக் கரை பவேரியாவின் டோப்பன் ஊராட்சியில். அஞ்சல் எண், தொலைபேசிக் குறியீடு, கார் நம்பர் பலகை எல்லாம் வேறு வேறு. பள்ளி விடுமுறையைக்கூட அந்தந்த மாநிலம்தான் தீர்மானிக்கிறது. அக்டோபர் 31, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் சீர்திருத்தத் திருநாளுக்குத் துரிங்கியா கரையில் விடுமுறை, பவேரியா கரையில் வேலை நாள். மறுநாள் நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். அன்றைக்கு நிலைமை தலைகீழ். இரண்டு மாநிலத்தையும் இணைத்து ஒரே ஊராக்கலாமே என்று வெளியாட்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் 1810-லிருந்து பழகிய ஏற்பாடு இது. ஓடையைத் தாண்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்கிற வரைக்கும் அது ஊருக்குப் பாரமில்லை.

போவதாக இருந்தால் ஹோஃபிலிருந்து காரில் போங்கள். சுவரையும் கோபுரத்தையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஓடையோரமாக நடந்தால் பழைய எல்லைக் கற்களைப் பார்க்கலாம். நான் முதலில் காட்டுவது அவற்றைத்தான். அப்புறம், அருங்காட்சியகத்துக்கு அடுத்த வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். முற்றத்துக்குள் எட்டிப் பார்த்துப் படமெடுக்காதீர்கள். பல ஆண்டுகள் கோபுரத்திலிருந்து பார்க்கப்பட்டவர்கள் அவர்கள்.