வாசகர் கேள்வி: பனியில் கூடாரம்

கேள்வி: நண்பர்கள் நால்வர் ஜனவரியில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலப் பூங்கா ஒன்றில் கூடாரமிட்டு இரண்டு இரவுகள் தங்க எண்ணுகிறோம். தடித்த ஸ்லீப்பிங் பேக் மட்டும் போதுமா?

பதில்: போதாது. படுத்தவுடன் அந்தத் தூக்கப் பையின் அடிப்பகுதி உடல் எடையால் நசுங்கி, காற்றைத் தேக்கி வைக்கும் திறனை இழந்துவிடுவதால், உறைந்த நிலம் உங்கள் உடல் வெப்பத்தை இரவு முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே பையைவிட அடியில் விரிக்கும் மெத்தைக்கே நான் முதலிடம் தருவேன். வெப்பத் தடையைக் குறிக்கும் அதன் ஆர் மதிப்பு 5-க்குக் குறையாமல் இருக்கட்டும். வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராத பருத்தி உள்ளாடைகளைத் தவிர்த்து, கம்பளி ஆடைகளை அணியுங்கள்.

அடுப்புக்குப் பியூட்டேன் எரிவாயு உதவாது, மைனஸ் 0.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது ஆவியாகாது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். எந்த அடுப்பானாலும், எவ்வளவு குளிரானாலும், கூடாரத்துக்குள் அதைப் பற்றவைக்காதீர்கள். அடுப்பு எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது என்பதால், உறக்கத்திலேயே உயிர் போய்விடும். இதை நால்வரும் புறப்படுமுன்னரே பேசி முடிவு செய்யுங்கள்.

பல பூங்காக்களில் குளிர்காலத்தில் குழாய்நீரை நிறுத்திவிடுவார்கள், முன்னதாகவே விசாரியுங்கள். குடிநீர் பாட்டில்களைத் தலைகீழாக வைத்தால், பனிக்கட்டி மேலே மிதக்கும், மூடிப்பக்கம் எளிதில் உறையாது. விறகைப் பூங்காவுக்கு அருகிலேயே வாங்குங்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் வண்டுகள் வெளியூர் விறகோடு பரவுகின்றன.