அனுமானம் வெறும் ஊகமா?

அன்புள்ள ஐயா,

போன வாரம் அழகர்மலைப் பக்கம் மேகம் திரண்டு நின்றது. "மழை வரும், இது என் அனுமானம்" என்றேன். உடனிருந்த நண்பர், "அனுமானம் என்றால் ஊகம்தானே, அதைப் போய்த் தத்துவ நூல்கள் அறிவு என்கின்றனவே?" என்று மடக்கினார். பதில் சொல்ல முடியவில்லை. எது சரி?

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

பேச்சில் அனுமானம் என்றால் உத்தேசம்தான். தர்க்கத்தில் அது ஒரு பிரமாணம், அதாவது சரியான அறிவைத் தரும் வழி. கண்ணுக்குத் தெரியும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெரியாத ஒன்றை அறிவது. இரண்டுக்கும் நடுவே தவறாத தொடர்பு இருக்க வேண்டும். அதற்கு வியாப்தி என்று பெயர். ஊகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பிரமாணத்துக்குத் தமிழில் அளவை என்று பெயர். அனுமானத்துக்குக் கருதல். மணிமேகலை பாடிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன், அதாவது தானிய வியாபாரி, என்கிறது மரபு. நாழியும் மரக்காலும் புழங்கிய ஒருவர் அறிவின் அளவைகளைப் பாடினார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

அந்நூலின் 27ஆம் காதையில் கருதல் மூன்று வகை. காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டு என்பது பொது. வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்பது எச்சம். கருமுகிலைக் கண்டு மழை வரும் என்பது முதல். உங்களுடையது முதல். 29ஆம் காதையில் மணிமேகலைக்குப் பௌத்த அறம் சொல்லும் அறவண அடிகள் இன்னும் கறாராகச் சொல்கிறார்: காரணத்தை வைத்துக் காரியத்தைக் கருதினால் பிழைபடுவதும் உண்டு, புகையால் நெருப்பை அறிவதுபோலக் காரியத்திலிருந்து காரணத்துக்குப் போவதே பிழையாதது. மேகம் கலைந்துவிடலாம் அல்லவா?

சரி, எச்சமாவது பிழைபடாமல் இருக்குமா? வைகையையே பாருங்கள். சித்திரையில் அழகர் இறங்கும்போது ஆற்றில் தண்ணீர் ஓடும். மேற்கே மழையே இருக்காது, அணையைத் திறந்திருப்பார்கள். வைகை அணை வந்தது 1959இல். ஆனால் இந்த ஆட்சேபத்தைப் பழைய வடமொழித் தர்க்க நூலான நியாய சூத்திரம் எப்போதோ எழுப்பிவிட்டது: தடுத்து நிறுத்தினாலும் ஆறு பெருகுமே, அப்புறம் வெள்ளம் எப்படி மழைக்குச் சான்றாகும்? அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரையில் விடை இருக்கிறது. வெறும் பெருக்கு ஏது, அதாவது அனுமானத்துக்குப் பிடிமானமான அடையாளம், ஆகாது. வேகம், நுரை, அடித்து வரும் பழம், இலை, கட்டை எல்லாம் சேர்ந்த பெருக்கே ஏது. ஆக, தவறியது அனுமானம் அல்ல. ஏதுவைச் சரியாகப் பார்க்காத நாம்.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த என் பெரியப்பா இதைப் படித்தவர் இல்லை. ஆற்றோரம் குந்தி, தண்ணியைக் கையில் அள்ளிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால், "அணைத் தண்ணிப்பா" என்பார். செம்மண் கரைந்து சருகும் சுள்ளியுமாக வந்தால், "மேக்க நல்ல மழை" என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கழற்றி மேட்டில் ஏற்றப் போய்விடுவார். அது ஊகம் இல்லை.

உங்கள் நண்பரிடம், அன்று நீங்கள் சொன்னது உத்தேசம்தான் என்று தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். அனுமானம் என்ற சொல்லை மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.