கேட்டதும் சொன்னதும்: கிளாஸ் டி ஆம்ப் வாங்கலாமா?

கேள்வி: அப்பா காலத்து ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போய்விட்டது சார், 4440 என்ற ஆம்ப் ஐசி போட்டு உள்ளூர் மெக்கானிக் கட்டிக்கொடுத்தது. 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி நன்றாக இருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் உள்ளங்கை அளவு கிளாஸ் டி ஆம்பைக் காட்டி, இடது, வலது என்று ஒரு பக்கத்துக்கு 100 வாட் என்கிறார்கள். கூட 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தருவார்களாம். வாங்கலாமா?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: கிளாஸ் டி என்பது சுவிட்ச் போல் வேலை செய்யும், சூடு குறைந்த ஆம்ப் வகை. ஆம்பை வாங்குங்கள், அந்த அடாப்டரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். 12-ஐ 2-ஆல் பெருக்கினால் 24 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்னும்போது 200 வாட் எங்கிருந்து வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

பெட்டியில் அச்சடித்த வாட்டை மறந்துவிட்டு, என்ன சிப், எத்தனை வோல்ட் தாங்கும் என்று கேளுங்கள். இந்த அளவில் பெரும்பாலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 தான் இருக்கும். அந்தக் கம்பெனியே சொல்லும் கணக்கு, 21 வோல்ட் கொடுத்து 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் பக்கத்துக்கு 50 வாட், அதுவும் 10 சதவீதம் டிஸ்டார்ஷனோடு, அதாவது பாடகர் குரல் கரகரக்க ஆரம்பித்த பிறகு. உங்களுடைய 8 ஓமுக்கு 24 வோல்ட்டில் சுத்தமாக 25, 30 வாட் வரும். 12 வோல்ட்டில் ஏழோ எட்டோதான். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் பீரோ மேல் சும்மா கிடந்தால் அதுவே போதும், பக்கத்துக்கு 20 வாட் போலக் கிடைக்கும். முனை பொருந்துகிறதா, நடுவில் பிளஸ்ஸா என்று மட்டும் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

20 வாட் பத்துமா என்றால், உங்கள் அப்பா இத்தனை வருஷம் கேட்டது எவ்வளவு தெரியுமா? 4440 ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், அதுவும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு; உங்கள் 8 ஓமுக்கு அதைவிடக் குறைவு! வாட் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறுவது 3 டெசிபல்தான், ஆகவே 50-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் பர்ஸுக்குத் தெரியும், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஸ்பீக்கர் விவரத்தில் 87 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். 10 வாட்டுக்கே 97 ஆகிவிடும். வீட்டு ஹாலில் அதற்குமேல் வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். முளைப்பாரிக்குத் தெரு முழுக்கப் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் ரேடியோ செட்காரரைக் கூப்பிடுங்கள், இது அந்த வேலைக்கு இல்லை.

கேள்வி: 'டி' என்றால் டிஜிட்டல், அதனால் பாட்டு வறட்டுத்தனமாக இருக்கும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?
(வாசகர், எஸ்.எஸ். காலனி, மதுரை)

பதில்: ஏ, பி, சி வரிசையில் அடுத்து வந்த எழுத்து டி, அவ்வளவுதான். உள்ளே டிரான்சிஸ்டர்கள் வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை சுவிட்ச் போல் திறந்து மூடுகின்றன. பாட்டுக்குத் தகுந்தபடி திறந்திருக்கும் நேரம் கூடும், குறையும். வெளியே போகிற வழியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் (இந்த ஜோடிதான் ஃபில்டர்) நின்று அந்த வேகத் துடிப்பைத் தடுத்துப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். பாதி திறந்த நிலையில் நிற்கிற வேலையே இல்லாததால் சூடும் குறைவு, சித்திரை வெயிலில் அலமாரிக்குள் வைத்தாலும் தாங்குவது இதனால்தான்.

ஆனால் நண்பரை முழுசாகத் தள்ளிவிட முடியாது. மலிவான போர்டுகளில் அந்தக் காயிலைத் தாண்டி என்ன நடக்கிறது என்று ஆம்ப் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் ஸ்பீக்கரின் ஓமுக்குத் தகுந்தபடி கீச்சு ஒலிகளின் (ட்ரெபிள்) அளவு கூடும், குறையும், பஜனைப் பாட்டில் ஜால்ரா ஒரு ஸ்பீக்கரில் கூசும், இன்னொன்றில் மங்கிவிடும். ஃபில்டருக்கு அப்புறம் ஃபீட்பேக் எடுக்கிற, அதாவது வெளியே போனதைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்கிற மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை; ஹைபெக்ஸ், பியூரிஃபை கம்பெனிகளின் போர்டுகள் அப்படித்தான், டிபிஏ3255 சிப்பில் வரும் சில ஆம்புகளிலும் உண்டு. காசு கூடத்தான். முடிந்தால் உங்கள் ஸ்பீக்கரையே கடைக்குத் தூக்கிப்போய் மாட்டிக் கேளுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: வயர் மிச்சம் பிடிக்க மூன்று கோர் வயர் இழுத்து, இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பையும் ஒன்றாக முறுக்கியிருந்தேன். பழைய ஆம்பில் பாடியது. புது கிளாஸ் டி ஆம்பில் ஆன் செய்ததுமே கப்சிப்.
(வாசகர், மேலூர்)

பதில்: பழைய ஆம்பில் கறுப்பு முனை கிரவுண்டு, சேர்த்து முறுக்கினாலும் அது பாட்டுக்கு இருக்கும். இந்தச் சின்ன ஆம்புகளில் பெரும்பாலானவை பிரிட்ஜ் வகை, சிவப்பைப் போலவே கறுப்பிலும் பாட்டு ஓடுகிறது. நீங்கள் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் நேருக்கு நேர் ஷார்ட் செய்திருக்கிறீர்கள். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டு, கறுப்பு இரண்டையும் பிரித்து, ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி வயர் தனித்தனியாக இழுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். நல்ல சிப் என்றால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கும், பிழைத்துக்கொள்ளும். அப்போதும் மூச்சு விடாவிட்டால் போர்டு போய்விட்டது. மூன்று கோர் வயரை எறிந்துவிடாதீர்கள், டேபிள் ஃபேனுக்கு ஆகும்.